வீட்டு விலை

"எவ்வளவுங்க இது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கையில் காபியும் மறு கையில் ரொட்டியுமாக நிற்கும் மனிதனிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டவள் மனைவி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, புது ஷூவை இரண்டு கால்களிலும் மாட்டிக்கொண்டு, பாதங்களை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொள்ளாயிரம்," என்றார் வாத்தியார்.

சொல்லும்போதே அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்கும் வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்துப் பழகிய கால், ஆபத்து எங்கே தென்பட்டாலும் தானாக அழுத்தும். சினிமாத் தியேட்டரில் அழுத்தும், பல் டாக்டர் நாற்காலியில் அழுத்தும். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் வாத்தியார்.

ஷூவின் உண்மையான விலை ஐயாயிரத்து நானூறு.

அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் மூன்று விலைகள் உண்டு. கடைக்காரரிடம் எண்ணிக் கொடுப்பது கடை விலை. வீட்டுக்குள் வந்ததும் சொல்வது வீட்டு விலை. அது கடை விலையில் பாதியோ கால்வாசியோ, சொல்பவரின் துணிச்சலைப் பொறுத்தது. உறவுக்காரர்கள் வந்து பொருளைத் தொட்டுப் பார்க்கும்போது சொல்வது ஊர் விலை. அது கடை விலையைவிட ஒரு பங்கு அதிகம். மனைவி வாங்கிய திரைச்சீலைக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் வாங்கிய தோள்பைக்கும் இப்படி மூன்று விலைகள் இருந்தன. இதில் வேடிக்கை, தான் ஒருத்தர்தான் இந்தத் தில்லுமுல்லைச் செய்கிறோம் என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

வாத்தியாருக்கு இந்தப் பழக்கம் கல்யாணமான வருஷமே வந்துவிட்டது. அப்போது மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். விலையை உள்ளபடி சொன்னார். மறுநாளே அவள் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, வீட்டு வாடகையைக் கட்டிவிட்டு வந்தாள். வாடகை பாக்கி இருந்தது உண்மைதான், அவள் செய்ததில் தப்பே இல்லை. ஆனால் வெறும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு, உண்மை விலை சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை.

இந்த ஷூவை வாங்கியதற்கும் காரணம் இருந்தது. மனைவிக்கு பேக்கரியில் வேலை. காலையிலிருந்து மாலைவரை நின்றபடி கேக் வெட்டிக் கொடுக்க வேண்டும். போன வாரம் அவர் மாடிப்படி ஏறிவரும்போது, நடுப்படியில் அவள் உட்கார்ந்து குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து, "சாவியத் தேடிட்டிருந்தேன்" என்றாள். சாவி அவள் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசே சரியில்லை. உள்ளே மெத்தை வைத்த ஷூ என்று விசாரித்து விசாரித்து வாங்கினார்.

அதைச் சொல்லியிருக்கலாம். 'தொள்ளாயிரம்' என்று சொல்லிவிட்டார்.

"தொள்ளாயிரமா!" மனைவியின் கண்கள் விரிந்தன. "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. இது தொள்ளாயிரமா?"

"ஆமா. பேரம் பேசினேன்."

"அப்ப எங்க அக்காவுக்கும் ஒண்ணு வாங்கிடலாம். பாவம், அவளுக்கும் கால் வலி."

வாத்தியாரின் கால் தரையை மிதித்தது. "கடைசி ஜோடிம்மா அது. தள்ளுபடியில போட்டிருந்தான். தீர்ந்துபோச்சு."

"தள்ளுபடியா? அப்ப தீர்றதுக்குள்ள போகணும்னு சொல்லுங்க!"

"தீர்ந்துபோச்சுன்னுதானே சொல்றேன்."

"எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொல்லுவான். உள்ளே நாலு பெட்டி வெச்சிருப்பான்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கடை லீவு."

மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இல்லப்பா, திறந்திருக்கு. ராத்திரி வரைக்கும் இருக்குன்னு போட்டிருக்கான்," என்றாள். இருபது வயசில் ஒரு பிள்ளை அப்பாவுக்குச் செய்யும் உதவி இதுதான்.

மனைவி அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். "அக்கா, நான்தான்... ஆமா, தொள்ளாயிரம்தான்... எங்க வீட்டுக்காரர் வாங்கினா அப்படித்தான்..." என்பது மட்டும் கேட்டது. வாத்தியார் காபியை ஒரே மடக்கில் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது.

ஐயாயிரத்து நானூறும் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு ரகசியம். சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி, அதில் இரண்டாவது பிரேக் பொருத்தி, தன் பெயரில் ஒரு பலகை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. முதலாளியின் வண்டியில் உட்கார்ந்து ஊரார் செய்யும் தப்புக்கெல்லாம் பிரேக் போட்டது போதும் என்று தோன்றிவிட்டது. அதற்காக வங்கியில் தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் வண்டிக் காசு. அதுவும் மனைவிக்குத் தெரியாது. மனைவியின் ஷூவுக்காக அதிலிருந்து எடுத்தபோது, ஒரு டயர் போனதாக வைத்துக்கொண்டார். ஒரு டயர்தானே, போகட்டும் என்று சந்தோஷமாகத்தான் எடுத்தார்.

இப்போது அக்காவுக்காக இரண்டாவது டயரும் கழலப் போகிறது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைகள் வரிசையாக இருந்தன. முதலில் பழுதான இஸ்திரிப்பெட்டி, பிறகு காய்கறிச் சந்தை, அப்புறம் ஷூ கடை. மனைவி புது ஷூவில் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வழக்கமாக அவளுக்காக அவர்தான் மூலைக்கு மூலை நின்று காத்திருப்பார். இன்று அவள் நின்று, "வாங்களேன்," என்று கூப்பிட்டாள். அந்த நடையைப் பார்த்தபோது, டயர் இல்லாத காரும் ஒரு காராகத்தான் இருக்கட்டுமே என்று அவருக்குத் தோன்றியது.

இஸ்திரிப்பெட்டிக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, சரிசெய்வதற்கு ஆகும் செலவில் புதிதே வாங்கலாம் என்றார். மனைவி அவரிடம் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், வாத்தியார் மெல்ல நழுவி அடுத்த கடையின் ஓரத்தில் நின்று ஷூ கடைக்கு போன் போட்டார்.

"அண்ணே, முந்தாநேத்து வந்து ஒரு ஜோடி வாங்கினேனே, ஞாபகம் இருக்கா?"

"பேரமே பேசாம வாங்கினீங்களே, மறக்க முடியுமா? சொல்லுங்க."

வாத்தியார் நிலைமையைச் சொன்னார்.

"அதாவது, உங்க வீட்டம்மா வந்தா நான் தொள்ளாயிரம்னு சொல்லணும். மீதிய நீங்க எனக்குத் தனியா தருவீங்க."

"ஆமாண்ணே."

"கண்டிப்பா தருவீங்கல்ல?"

"கண்டிப்பா."

"அப்ப இனாம்னு கூடச் சொல்றேன் சார், எனக்கென்ன!"

காய்கறிச் சந்தையில் மனைவி உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அழுகல் ஒன்றைத் தள்ளிவைத்து, எடையில் ஒன்று கூடுதலாக வாங்கினாள். அரைக் காசுக்காகச் சந்தையில் அவள் போட்ட சண்டையை வாத்தியார் பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காக அவள் மிச்சம் பிடித்ததையெல்லாம் இன்று தான் ஒருவன் ஒரு பொய்க்குத் தீனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார்.

"என்னங்க?"

"பை கனமா இருக்கு."

ஷூ கடையைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேராக நடத்தினார்கள். கடைக்காரர் முன்னால் நின்று பேசுவார். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து பணம் வாங்குவாள், அதிகம் பேசமாட்டாள். இவர்களைப் பார்த்ததும் கடைக்காரர் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்கம்மா வாங்க! தொள்ளாயிரம்தான்! இவ்வளவு மலிவா எங்கேயும் கிடைக்காது! அதுவும் உங்க முகத்துக்காக எண்ணூறு போட்டுக்கறேன்!"

வாத்தியாரின் கால் தரையை மிதித்தது. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எண்ணூறா? உங்ககிட்ட மட்டும் எதுக்கு நூறு கூட வாங்கினார்? பேரம் பேசினேன்னு சொன்னீங்க?"

"அது... முந்தாநேத்து விலை."

"நல்லா ஏமாந்திருக்கீங்க. சரி, அப்ப ரெண்டு ஜோடியா எடுத்துக்கறேன். அக்காவுக்கு ஒண்ணு, எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒண்ணு. அவங்ககிட்ட தொள்ளாயிரம்னு சொன்னா நமக்கு நூறு லாபம்."

கணக்குப் பார்த்தால் அந்த நூறு லாபத்துக்காக வாத்தியார் கொடுக்கப்போவது நாலாயிரத்து அறுநூறு. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதைதான். கடைக்காரர் அவரைக் கண்ணால் ஜாடை காட்டி, "சார், புது மாடல் ஒண்ணு உள்ளே இருக்கு, வந்து பாருங்க," என்று பின்னறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஷூ பெட்டிகளுக்கு நடுவில் வாத்தியார் மீதிப் பணத்துக்கு வங்கி அட்டையைத் தேய்த்தார். இரண்டாவது டயரும் மூன்றாவது டயரும் கழன்றன.

"எண்ணூறுன்னு ஏன் சொன்னீங்க?"

"ஒரு வேகத்துல வந்துடுச்சு சார். உங்க காசுதானேன்னு தைரியமா சொல்லிட்டேன்."

வெளியே வந்தபோது மனைவி கல்லாவில் இருந்த அம்மாளோடு தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பெண்கள் அப்படித்தான், கால் நிமிஷத்தில் சிநேகமாகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"இவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கோம், இன்னைக்கு வெளியிலேயே சாப்பிடலாம்," என்றாள் மனைவி.

மேசைத்துணி விரித்த உணவகம். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி அவர்கள் குடும்பமாக உள்ளே போனதே இல்லை. எப்போதும் வெளியே மாட்டியிருக்கும் விலைப்பலகையைப் படித்துவிட்டு, "நாம வீட்டிலேயே பண்ணிக்கலாம்" என்று நடந்துவிடுவார்கள். இன்று மனைவி பொரித்த மீன் கேட்டாள். மகள் கறி வைத்த நூடுல்ஸும் பழச்சாறும் கேட்டாள்.

"உங்களுக்கு?" என்றார் பரிமாறுபவர்.

"சூப்பு."

"சூப்போட?"

"ஸ்பூன்."

மனைவி மீனை முள் எடுத்துப் பாதியை அவர் தட்டில் வைத்தாள். காலம் முழுக்க இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு வசதி இல்லாமல் இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை வந்திருக்கலாம். இவர் வண்டிக்குச் சேர்த்தார், அவள் எதற்கோ சேர்த்தாள், ஒருவருக்கொருவர் சொல்லாமல் சேர்த்துச் சேர்த்து, இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் விலைப்பலகையோடு முடிந்துபோயின. காசு பத்திரமாக இருந்தது. நாட்கள்தான் போய்விட்டன என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "ஏதாவது சொல்லணுமாங்க?"

ஐயாயிரத்து நானூறு என்று சொல்ல வேண்டும். உன் கால் வலிக்கக் கூடாது என்று வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டே வாக்கியம்தான்.

"சூப்புல உப்பு குறைச்சல்," என்றார் வாத்தியார்.

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, உப்பை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். பிறகு போனைக் கையில் எடுத்தாள். "பேக்கரியில கேக்கறேன். அங்கேயும் ரெண்டு பேருக்குக் கால் வலி."

வாத்தியாரின் கால் மேசைக்கு அடியில் மிதித்த மிதியில் மகளின் பழச்சாறு கவிழ்ந்தது. மேசைத்துணியைத் துவைக்கத் தனியாகக் காசு என்று பில்லில் போட்டார்கள்.

மறுபடியும் ஷூ கடை. போகும் வழியிலேயே வாத்தியார் கடைக்காரருக்கு போனில் ஒரு செய்தி அனுப்பினார்: 'தள்ளுபடி முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.' பதில் உடனே வந்தது: 'நல்ல வியாபாரத்தை யாராவது முடிப்பார்களா சார்?'

கடையில் மனைவி இன்னும் இரண்டு ஜோடியைத் தேர்ந்தெடுத்தாள். மூட்டு வலிக்குத் தைலம் தடவிய வாசனையோடு பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, இது எண்ணூறா? என்கிட்ட ஐயாயிரத்துச் சொச்சம்னு சொன்னியேப்பா!"

கடைக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்ற வாத்தியார், யாருக்கும் தெரியாமல் தலையை ஒரு தடவை ஆட்டினார்.

"உங்களுக்கும் எண்ணூறுதான் ஐயா!" என்றார் கடைக்காரர் குதூகலமாக. "இன்னைக்கு யார் கேட்டாலும் எண்ணூறு!"

"தங்கமான மனுஷன்யா நீ," என்று பெரியவர் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துல யாரு இப்படிக் கொடுக்கறா! உன் குடும்பம் நல்லா இருக்கணும்." வாத்தியாரின் செலவில் கிடைத்த ஆசீர்வாதத்தைக் கடைக்காரர் குனிந்து வாங்கிக்கொண்டார். பெரியவர் பக்கத்தில் நின்ற வாத்தியாரைப் பார்த்து, "நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்க தம்பி, இப்படி ஒரு ஆள் கிடைக்கமாட்டான்," என்று புத்தியும் சொன்னார்.

நான்காவது டயர், ஸ்டீயரிங், ஒரு கதவு. வாத்தியாரின் மனசுக்குள் நின்றிருந்த கார் வெறும் இரும்புக் கூடாகிவிட்டது. பெயர்ப் பலகையை மாட்டக்கூட இடமில்லை.

பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி மெதுவாக அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த விலைக்குக் கொடுத்தா இவருக்குக் கட்டுப்படியாகுமா? யாரோ ஒருத்தர் நஷ்டப்படறாங்களோன்னு தோணுது."

"வியாபாரிக்குத் தெரியாத கணக்கா?"

"எனக்கு வேண்டாம்னு இருக்கு. நீங்க சொன்னா எல்லாத்தையும் இங்கேயே வெச்சிட்டுப் போயிடலாம்."

"சே சே. ஆசைப்பட்டுக் கேட்டவங்களுக்கு இல்லைன்னா சொல்லுவாங்க?"

"சரி," என்றாள் அவள். உருளைக்கிழங்குப் பையை எடுத்துக்கொண்டாள். அவள் குரல் சின்னதாகிவிட்டதை வாத்தியார் கவனித்தார். காரணம் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். "நாங்க வெளியே நிக்கறோம், நீங்க வாங்க," என்று சொல்லிவிட்டு மகளோடு அவள் வெளியேறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து தன் புது ஷூவின் மேலிருந்த தூசியைப் புடவை முந்தானையால் துடைத்தாள்.

வாத்தியார் கல்லாவுக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் பெரியவரை வாசல்வரை கொண்டுபோய் விடப் போயிருந்தார்.

இப்போது அவருக்குக் காசு போனது பெரிதாகத் தெரியவில்லை. காசு போகும், மறுபடி வரும். காலையிலிருந்து மாலைவரை வண்டியில் முன்பின் தெரியாதவர்களிடம் 'பாத்து, மெதுவா, பயப்படாதீங்க, நான் இருக்கேன்' என்று ஓயாமல் பேசுகிற வாய் இது. பெண்டாட்டியிடம் இரண்டு வாக்கியம் பேச வரவில்லை. பேச வரவில்லை என்பதற்கு இவ்வளவு பெரிய அபராதமா? தன்மேலேயே அவருக்கு ஆத்திரமும் பரிதாபமுமாக வந்தது. இன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று அட்டையை எடுத்து நீட்டினார். இன்னொரு நாளும் தான் சொல்லப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கல்லாவில் இருந்த அம்மாள் அட்டையை வாங்கவில்லை. வாசல் பக்கம் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியவர் வாங்கின ஒண்ணுக்கு மட்டும் கொடுத்தா போதும் சார். முன்னாடி கட்டினதையும் திருப்பித் தந்துடறேன்."

"ஏன்? நாலு ஜோடி எங்க வீட்டுக்கு இருக்கே? அக்காவுக்கு, எதிர்வீட்டுக்கு, பேக்கரிக்கு..."

"அக்காவும் இல்ல, பேக்கரியும் இல்ல சார், போன்ல அந்தப் பக்கம் யாருமே இல்ல, போன மாசம் இதே ஷூவைப் போட்டுப் பாத்து, விலையைக் கேட்டுட்டுக் கழட்டி வெச்சிட்டுப் போனவங்க உங்க வீட்டம்மா, 'உனக்காக இவ்வளவு கொடுத்து வாங்கினேன்னு ஒரே ஒரு தடவை அவர் வாயால சொல்லிட்டா, மத்த ஜோடியெல்லாம் அப்பவே திருப்பிக் கொடுத்துடறேன்'னு என்கிட்ட சொல்லிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க, நீங்க என்னடான்னா ஜோடி ஜோடியா வாங்கிக்கிட்டே இருக்கீங்க!"